பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?



முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் லினக்ஸ் பயன்படுத்துறீங்க? கை தூக்கத் தயங்குவீங்க. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது அது. அதனால், 'லினக்ஸ் எல்லாம் நமக்கு வராதுப்பா' என்ற பயத்தை இங்கேயே விட்டுடலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. பீரோ மேல் தூங்கும் பழைய மடிக்கணினியில் பெரும்பாலும் அது இருக்காது. பழைய விண்டோஸ் தொடர்ந்து ஓடும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராத கணினியில் நெட்பேங்கிங் செய்வது ஆபத்து. புதிய கணினி வாங்க முடியாத வீட்டுக்கு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல வழி.

இது நமக்கு முற்றிலும் புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பிளஸ் டூ படிக்கும்போது அப்படி ஒரு மடிக்கணினி வாங்கியவள்தான் நானும். ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். 'பாஸ்' பக்கம் நான் போனதே இல்லை.

கல்லூரி முடித்த சமயத்தில் அந்த மடிக்கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. ஒரு வீடியோவில் பார்க்க அழகாக இருந்த ஒரு லினக்ஸை இறக்கினேன். நிறுவும்போது வந்த கேள்விகளைச் சரியாகப் படிக்காமல், டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தேர்வை அழுத்திவிட்டேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாமே போச்சு. அவற்றை இ-சேவையிலும் டிஜிலாக்கரிலும் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் ஆச்சி பேசியதைப் பதிவு செய்த ஒரு ஆடியோவும் அதில் இருந்தது. ஆச்சி இப்போது இல்லை. அதை எந்த மையத்தில் போய் விண்ணப்பிப்பது?

தப்பு லினக்ஸுடையது அல்ல, என்னுடையது. எனவே, எந்த லினக்ஸ் என்று பார்ப்பதற்கு முன்பு, உங்கள் கோப்புகளை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்க. எடுத்த நகலைத் திறந்தும் பாருங்க.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? லினக்ஸ் என்பது மாவு மாதிரி. அதே மாவில் இட்லி, தோசை, பணியாரம் வருவதுபோல, அதே கெர்னலை வைத்துப் பலர் பல வடிவங்களில் தருகிறார்கள். அவற்றை 'டிஸ்ட்ரோ' என்பார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 'எது பெஸ்ட்?' என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்க.

ஒன்று, உங்கள் கணினிக்கு எவ்வளவு தெம்பு? ராம் 4 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் லினக்ஸ் மின்ட் போடலாம். இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை என்று, விண்டோஸ் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது. மின்டிலேயே சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகை உண்டு. ராம் குறைவான கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ இலகுவானது. விண்டோஸ் தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு ஸோரின் இருக்கிறது. உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் அதன் திரை அமைப்பு வேறு மாதிரி இருக்கும், பழகச் சில நாள் ஆகும்.

இரண்டு, கணினியில் என்ன வேலை செய்றீங்க? இணையத்தில் விண்ணப்பம், மின்கட்டணம், மின்னஞ்சல், யூடியூப் மட்டும் என்றால் கவலையே வேண்டாம். எல்லாம் பிரவுசரில் நடக்கும். கடிதம், கணக்குத் தாளுக்கு லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். ஆனால் டேலி, போட்டோஷாப் போன்றவை விண்டோஸில் ஓடுவதுபோல் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்க. இல்லையென்றால் அந்தக் கணினியைத் தொடாதீங்க.

மூன்று, சிக்கிக்கொண்டால் யார் உதவுவார்? பக்கத்து வீட்டுத் தம்பி உபுண்டு தெரிந்தவர் என்றால், உங்களுக்கும் உபுண்டுவே நல்லது. மின்ட் அதன் மேல் கட்டப்பட்டது என்பதால், உபுண்டுவுக்குச் சொல்லப்படும் தீர்வுகள் பெரும்பாலும் மின்டுக்கும் பொருந்தும். 'ஹேக்கர் லினக்ஸ்' என்று கேள்விப்பட்டு காலி லினக்ஸ் போடாதீங்க. அது பாதுகாப்புச் சோதனை செய்யும் நிபுணர்களுக்கானது.

முடிவெடுப்பதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. மின்ட் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, எட்சர் போன்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்க. அந்த பென் டிரைவில் உள்ளது அழிந்துவிடும், கவனம். பிறகு கணினியை அதிலிருந்தே தொடங்கினால், நிறுவாமலேயே மின்ட் திரையில் வரும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா, பிரிண்டர் வேலை செய்கிறதா, நீங்கள் பயன்படுத்தும் அரசுத் தளம் திறக்கிறதா, தமிழ்99 தட்டச்சு அமைகிறதா என்று நிதானமாகப் பாருங்க. பிடிக்கவில்லையா? பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

பிடித்திருந்தால் நிறுவலாம். அப்போது விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, டிஸ்க் முழுவதையும் அழிப்பதா என்று ஒரு திரை கேட்கும். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அன்றைக்கு நான் நிற்கவில்லை.

இன்று அந்த மடிக்கணினியில் மின்ட் ஓடுகிறது. அம்மா அதில்தான் தையல் கணக்கு எழுதுகிறார். அந்தக் கணக்கை வாரம் ஒரு முறை நான் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுகிறேன்.