நின்ற விரிசலும் நடக்கும் விரிசலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘இலக்கியத்தில் இல்லம்’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுக்கத் தொடங்கிய அதே வாரத்தில், கெலமங்கலத்தில் ஒரு பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். அன்றோடு உறக்கம் போயிற்று. ஆகவே இலக்கியத்தில் உள்ள இல்லத்தைவிட, என் உறக்கத்தைக் கெடுத்த இல்லத்தைப் பற்றியே மிகுதியாகப் பேச நேரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்றனர் நம் முன்னோர். பழைய வீட்டை வாங்கிப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. புது வீட்டில் இருப்பவை நம் தவறுகள் மட்டுமே. பழைய வீட்டிலோ, முகமறியாத பலருடைய தவறுகளையும் விலை கொடுத்து வாங்குகிறோம். நெடுநல்வாடையில் நக்கீரர், நிழல் ஒருபுறமும் சாயாத நண்பகலில் திசை குறித்து, நூலறிந்தோர் கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த முறையைப் பாடுகிறார். மனை எடுப்பதற்கு இப்படி இலக்கணம் உண்டு. பிறர் எடுத்துப் பாழான மனையைக் கைக்கொள்வதற்கு இலக்கணம் எங்கே என்று தேடினேன். அது ஏட்டில் கிடைக்கவில்லை. ஒரு கொத்தனாரிடமும் ஒரு மூதாட்டியிடமும் கிடைத்தது.

முதலில் வீட்டைச் சொல்கிறேன். கருங்கல் அடித்தளம், மண் சுவர், மங்களூர் ஓடு. முன்புறம் இரண்டு கல்தூண்களுடன் திண்ணை. பின்கட்டில் கூரை தொய்ந்து, சட்டங்களைக் கறையான் தின்றிருந்தது. மேற்குச் சுவரில் மூலைவாட்டில் ஒரு விரிசல். சமையலறைச் சுவரில் மற்றொன்று. ஓசூரில் ஓர் ஆலையில் 31 ஆண்டுகள் ஷிப்ட் மாறி மாறி உழைத்துச் சேர்ந்த வைப்புநிதியை இந்தச் சுவர்களில்தான் போடப் போகிறேன். தவறினால் இன்னொரு 31 ஆண்டுகள் எனக்கு இல்லை.

அறிவுரைக்குக் குறைவில்லை. 1970களிலும் 80களிலும் ஓசூருக்கு ஆலைகள் வந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இன்று உத்தனப்பள்ளிப் பக்கம் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலையும் வந்துவிட்டது. இடத்துக்கு இருக்கும் விலை வீட்டுக்கு இல்லை. “இடித்துவிட்டு வரிசையாக எட்டு அறை போடுங்கள், வாடகை வரும்” என்றனர் நண்பர்கள். “பெங்களூரில் ஒரு பிளாட் பாருங்கப்பா” என்றான் மகன். மதிப்பீடு செய்ய வந்தவர் நிலத்துக்கு மட்டும் மதிப்பு எழுதினார். வீடு என்ற இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இல்லத்தரசி மட்டும் ஒரே கேள்வி கேட்டாள்: “ஏங்க, நாம வாங்கறது வீடா, வீட்டு வேலையா?”

பதில் தெரியாமல் கொத்தனாரை அழைத்துச் சென்றேன். அவர் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், அடியில் ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டினார். யாரோ மண் சுவரின்மேல் சிமெண்டைப் பூசியிருந்தார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, சுவர் ஊறியிருந்தது. “இதை உரித்துச் சுண்ணாம்பு பூசினால் சுவர் மூச்சுவிடும்” என்றார். விரிசலைக் காட்டி, விழுந்துவிடுமா என்று கேட்டேன். “நின்ற விரிசலா, நடக்கிற விரிசலா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் ஐயா” என்றார். மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இரண்டை எடுத்து, விரிசல்களின் குறுக்கே இரு கரையிலும் பதியுமாறு கலவை வைத்து ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். அப்போது ஆவணி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். புரட்டாசி, ஐப்பசி மழையைப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிப் போனார். ஒப்பந்தத் தவணையும் மூன்று மாதம்தான்.

அந்த மூன்று மாதத்தில் பத்திரங்களைப் பார்த்தேன். வில்லங்கச் சான்று மாசற்றிருந்தது. விற்பவரும் அவர் தம்பியும் கையெழுத்திட அணியமாக இருந்தனர். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர், “அக்காளிடம் கேட்டாயிற்றா?” என்றார். ஆனேக்கல் பக்கம் மணமுடித்துக் கொடுத்த ஒரு பெண் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வில்லங்கச் சான்று பதிவானதைச் சொல்லும், பிறந்ததைச் சொல்லாது. வீடு தந்தை தம் உழைப்பில் வாங்கியது. அவர் உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு உண்டு. “சீர் செய்து அனுப்பியாயிற்று, அவள் கேட்க மாட்டாள்” என்றனர் தம்பியர். கேட்கமாட்டாள் என்பதாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்த வீட்டில் எனக்கு எப்படி உறக்கம் வரும்?

அவர்களையும் அழைத்துக்கொண்டு அத்திப்பள்ளி வழியாக ஆனேக்கல் சென்றேன். அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். தம்பியரிடம் தெலுங்கிலும், மருமகளிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசினார். எல்லை நம் பக்கத்து நாவுகளை அப்படிப் பழக்கியிருக்கிறது. பங்கைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. “இடிச்சிடுவீங்களாப்பா?” என்றுதான் கேட்டார். “இல்லைம்மா” என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகே என் முடிவு எனக்குத் தெரிந்தது. அவர் பதிவு அலுவலகத்துக்கு வந்தார். மூன்றில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு தெலுங்கில் கையெழுத்திட்டார். தம்பியர் தலைகுனிந்திருந்தனர், ஆனால் வெளியே வந்ததும் அவரைத் தாங்கிப் படியிறக்கியவர்களும் அவர்களே.

கண்ணாடிகள் என்ன ஆயின? மழைக்குப் பின் மேற்குச் சுவரின் கண்ணாடி முழுதாக இருந்தது. அது என்றோ நின்றுபோன விரிசல். நான் அஞ்சியது வீண். நான் அவ்வளவாகக் கவலைப்படாத சமையலறைக் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. கூரை நீர் முழுதும் அந்த அடித்தளத்தில் விழுந்து மண்ணைக் கரைத்திருக்கிறது. அச்சுவரை இறக்கிப் புதிதாக எடுக்க வேண்டும். அதற்கான செலவை விலையில் குறைத்துப் பேசி முடித்தோம்.

அன்பர்களே, ஐயமே கூடாது என்று இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. ஐயம் எழுவது நன்று. எதன்மேல் எழுகிறது என்று கண்ணாடி ஒட்டிப் பார்க்க வேண்டும். என் அச்சங்களில் பாதி நின்ற விரிசல்கள். இரவில் மட்டும் பெரிதாகத் தெரிபவை. நடந்துகொண்டிருந்த விரிசலோ, யாரும் கேட்காமல் விட்ட ஒரு பெண்ணின் பங்கில் இருந்தது.

நம் வட்டாரத்துத் தொரப்பள்ளியில், 1878-இல் இராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாகக் காத்து வருகிறது. என் வீட்டுக்கு அரசு வராது. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்ற நான்தான் ஏற வேண்டும். பழைய வீட்டை ஒருமுறை வாங்கி முடித்துவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லத்தரசியின் கேள்விக்கு இதுவே என் விடை: வீட்டையும் வாங்கினோம், வேலையையும் வாங்கினோம்.

பின்கட்டில் இன்னும் ஓடு வேயவில்லை. சமையலறைச் சுவர் இடுப்பளவு எழுந்திருக்கிறது. ஆனால் திண்ணை உறுதியாக இருக்கிறது. இருபது பேர் அமரலாம். வட்டத்தின் அடுத்த திங்கள் கூட்டத்தை அங்கே வைத்துக்கொள்ள அனைவரையும் அழைக்கிறேன். ஆனேக்கல் அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.