காருக்காகக் கட்டப்பட்ட நகரில் உழைப்போர் எதில் பயணிப்பது?

(தலைநகர்ப் பகுதிக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கம் செய்கையில் "பொதுப் போக்குவரத்து" என்ற தொடரைப் பன்முறை எழுதியுள்ளேன். அதிலுள்ள 'பொது' என்னும் சொல்லின் முழுப்பொருள், அது இல்லாத குருகிராமின் புதிய குடியிருப்புகளில்தான் எனக்கு விளங்கியது.

1975இல் ஹரியானா அரசு இயற்றிய நகர்ப்புற வளர்ச்சிச் சட்டம், தனியார் உரிமம் பெற்றுக் குடியிருப்புகளை அமைக்க வழிவகுத்தது. விளைநிலங்கள் துண்டு துண்டாக வாங்கப்பட்டன. துண்டுதோறும் மதிற்சுவரும் வாயிற்காவலும் எழுந்தன. அவற்றை இணைக்கும் பேருந்துத் தடம் மட்டும் எவருடைய பொறுப்பும் ஆகவில்லை.

தில்லியுடன் இணைக்கும் விரைவுச்சாலை 2008இல் திறக்கப்பட்டது. இன்று அது நெரிசலுக்கே பெயர்பெற்றது. மெட்ரோ 2010இல் வந்தது. நகரப் பேருந்துகளுக்கான தனிச் சேவையோ 2018இல்தான் தொடங்கியது. 2013இல் தனியார் தொடங்கிய ரேபிட் மெட்ரோவை 2019இல் தில்லி மெட்ரோ ரயில் கழகம் ஏற்று நடத்த நேர்ந்தது. லாபம் இல்லையெனில் விலகும் உரிமை தனியாருக்கு. மக்களைச் சுமக்கும் கடமை பொதுத்துறைக்கு!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து குடும்பங்களிடம்கூடக் கார் இருக்கவில்லை. வாகனங்களை அன்று, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்தது. ஆயினும் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணும், வாயிலில் நிற்கும் காவலாளியும் நடைபாதையற்ற சாலையோரம் நடக்கிறார்கள்; அல்லது பங்கு ஆட்டோவில் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். கூலியின் ஒரு பகுதி, வேலைக்குப் போய்வருவதிலேயே கரைகிறது. பயணத்தில் கழியும் நேரத்துக்கு எவரும் ஊதியம் தருவதில்லை. இதுவும் சுரண்டலே.

இதனை நடுத்தர வர்க்கத்தின் நெரிசல் புலம்பலாகக் கருதி நாம் ஒதுக்கிவிட்டோம். இத்தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்ககத்தில் மாதத்தவணை கட்டும் ஊழியரும் கடன்பட்டே கார் வாங்குகிறார். அவரையும் வீட்டுப் பணியாளரையும் ஒரே கோரிக்கையில் இணைக்க இயலும்.

குடியிருப்புக்கு உரிமம் வழங்குமுன் பேருந்துத் தடம் உறுதிசெய்யப்பட வேண்டும். கட்டுநர்களிடம் பெறும் வெளி வளர்ச்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு பேருந்துகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். இரவுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கும் சேவை வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் பணி நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

"பயணிகள் இல்லாததால் பேருந்து இல்லை" என்பார்கள். பேருந்து வராத இடத்தில் பயணி எங்ஙனம் காத்திருப்பார்? ஆகவே, வேலை முடிந்து அவர்கள் திரும்பும் மாலைப்பொழுதில், அந்த வாயில்களிலிருந்தே கையெழுத்து இயக்கத்தைத் தொடங்குவோம், தோழர்களே!