கோதுமை புகாத அடுக்களை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றி ஏதாவது பேசும்படி விழாக்குழுவினர் எம்மைக் கேட்டார்கள். நீரிழிவு பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். ஆகவே சீலியாக் நோயை எடுத்துக்கொள்கிறோம். வன்னியில் இருப்பவர்களுக்கு இது புதிய பெயர். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்தவர்களில் சிலருக்கு வீட்டில் நாளாந்தம் புழங்கும் பெயர்.

கோதுமை, பார்லி, றை ஆகியவற்றில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சாப்பாட்டின் சத்து உடலில் சேராது. வயிற்றோட்டமும் ஊதலும் மட்டுமல்ல, இரும்புக் குளிசைக்கு மாறாத இரத்தச்சோகை, வளராத பிள்ளை, இளவயதிலேயே தேயும் எலும்பு என்றும் அது வெளிப்படும். உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே வைத்தியம்.

கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் எழுதினார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே பாண் அரிதானது அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது. எமது யுத்தத்தில் நடந்தது அதன் மறுபக்கம். நிவாரணத்தில் எமக்குக் கோதுமை மா வந்தது. றொட்டி சுட்டு உயிர் தப்பினோம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மா எமது அடுக்களையை விட்டுப் போகவில்லை.

இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல், குரக்கன், சாமை, உளுந்து, ஒடியல், மரவள்ளி எதிலும் குளூட்டன் இல்லை. அப்படியானால் புட்டும் இடியப்பமும் தோசையும் பயமில்லைத்தானே என்பீர்கள். இல்லை! புட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைச் சரிபாதி கலக்கிறோம். தோசைக்கு உளுந்தோடு கோதுமை மா கரைக்கிறோம். குரக்கன் றொட்டியிலும் ஒரு பிடி போடுகிறோம். அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் அழியாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மா சேர்ந்திருக்கலாம். சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை கலந்தது. "பிள்ளை மெலிந்துபோச்சு" என்று அம்மம்மா கரைத்துக் கொடுக்கும் நெஸ்டமோல்ட்டும், காய்ச்சலுக்குக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் இந்தப் பிள்ளைக்கு ஆகாதவை.

லீவுக்கு வரும் பேத்திக்கு முழு அரிசி மாவிற் புட்டு அவியுங்கள். மாவை மில்லில் கொடுக்கும்போது முன்னர் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் இடித்தால் இன்னும் நல்லது. அரிதட்டும் நீத்துப்பெட்டியும் அவளுக்கென்று புதிதாக வாங்குங்கள். பழைய பனையோலையின் இடுக்கில் கிடக்கும் மாவை எவ்வளவு கழுவினாலும் முற்றாக எடுக்க முடியாது.

பிறந்தநாளுக்குக் கேக்கும் செய்யலாம். நாம் செய்யும் அளவு இது: அரிசி மா 200 கிராம், சோள மா 50 கிராம், சீனி 150 கிராம், பட்டர் 125 கிராம், முட்டை மூன்று, கனிந்த வாழைப்பழம் மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. பைக்கற்றில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். குளூட்டனின் இழுவை இல்லாததால் முட்டையும் பழமும்தான் மாவைப் பிடித்து வைத்திருக்கும். குழைத்ததும் அரை மணித்தியாலம் வையுங்கள். இல்லாவிட்டால் வாயில் மணல்போல நெருடும். பிறகு 180 பாகையில் முக்கால் மணித்தியாலம். லவ் கேக்கில் ரவை உண்டு, அதை அவளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்றைய சிற்றுண்டி மேசையைப் பார்த்தோம். றோல்ஸ், பற்றிஸ், பாண் தூள் பிரட்டிய கட்லற், கேக். சீலியாக் உள்ள ஒரு பழைய மாணவிக்கு அதில் வாழைப்பழமும் தண்ணீரும்தான் மிஞ்சும். அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொழுக்கட்டையும் எள்ளுருண்டையும் தனித்தட்டில், தனிக் கரண்டியோடு வைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறோம்.

இன்னுமொன்று. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே வீட்டில் பாணை நிறுத்தாதீர்கள். எமது பிள்ளைகளின் இரத்தச்சோகைக்கு இரும்புக் குறைவு, புழு, தலசீமியா என்று வேறு காரணங்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் சிறுகுடலில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பதும் முடியும்வரை பிள்ளை வழமைபோலக் கோதுமை சாப்பிட வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் பரிசோதனை இல்லையென்று காட்டிவிடும்.