பள்ளிக்கூடமும் போலீஸும்
(நமது சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சங்கப் பள்ளியின் வாயிலில் போலீஸ் சேவகர் ஒருவரை நிரந்தரமாய் நிறுத்த வேண்டுமென்று சென்ற கூட்டத்தில் ஒரு பிரேரேபணை வந்தது. மாணாக்கர் சிலர் கைகலந்ததே அதற்குக் காரணம். பிள்ளைகள்பால் உள்ள கவலையினால் எழுந்த கோரிக்கையே அது. எனினும், இவ்வேற்பாட்டை நெடுங்காலம் கைக்கொண்டு பார்த்த தேசமொன்று உண்டு. அதன் வரலாற்றை அறிந்து முடிவு செய்தல் நலம்.

அமெரிக்காவில், மிஷிகன் மாகாணத்து ஃபிளின்ட் நகரில் 1950-களில் இம்முறை தொடங்கிற்று. பிள்ளைகளும் போலீஸாரும் நேசமாய்ப் பழகவேண்டுமென்பதே ஆதி நோக்கம். 1999-ல் கொலம்பைன் பள்ளிக் கொலைகளுக்குப்பின் சர்க்கார் பொருளுதவியால் அது எங்கும் பரவிற்று. கொலைகாரன் தினந்தோறும் வருவதில்லை. சேவகரோ தினந்தோறும் நிற்கிறார். ஆதலால், உபாத்தியாயர் ஓர் அதட்டலில் தீர்க்கவேண்டிய வாய்த்துடுக்கும் குறும்பும் அவர் கைக்குப் போயின. 2015-16-ஆம் கல்வியாண்டில் அந்நாட்டு மாணாக்கரில் கறுப்பர் நூற்றுக்கு 15 பேர். போலீஸாரிடம் ஒப்புவிக்கப்பட்டோரிலும் கைதானோரிலும் நூற்றுக்கு 31 பேர். இது கல்வி இலாகாவின் கணக்கு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பெயர் பதிந்து, கைரேகை வைத்து வாழ்ந்த பாட்டனார்களின் பேரர்களாகிய நமக்கு இதன் பொருளை ஒருவர் விளக்கவேண்டுவதில்லை.

காவலாவது கிட்டிற்றா? டெக்ஸாஸ் மாகாணத்து உவால்டே நகரில் பள்ளிகளுக்கென்றே தனிப் போலீஸ் படை இருந்தது. 2022 மே 24-ல் அங்கு ஆரம்பப் பள்ளியொன்றில் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். பல படைகளிலிருந்தும் 376 பேர் வந்து கூடியும், அவனை வீழ்த்த 77 நிமிஷம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 உபாத்தியாயினிகளும் மாண்டனர்.

நம் நாட்டில் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கலாகாது என்கிறது. அவர்களோடு பேசும் போலீஸார் கூடியமட்டும் சாதாரண உடையில் இருக்கவேண்டுமென்பது 2016-ஆம் வருஷத்து விதி. அப்படியிருக்க, காக்கி உடையை வாயிலில் நாமே நிறுத்துவானேன்?

போலீஸாரே வேண்டாமென்பது நமது கருத்தன்று. பள்ளியைச் சார்ந்த எவரேனும் ஒரு குழந்தையிடம் தகாதபடி நடந்தால், அவர் நமது குலத்தவராயினும், நிர்வாக சபையினராயினும், உடனே போலீஸுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் வருஷத்துச் சட்டப்படி கடமை. குலமானம் என்று மூடிவைப்பது குற்றம். அழைக்கவேண்டிய அவ்விடத்தில் தயங்கி, சிறுவர் சண்டைக்கு அழைப்பது என்ன நியாயம்?

காவலுக்கென ஒதுக்கக் கருதிய தொகையில், மாலைவரை மைதானத்தில் பிள்ளைகளோடு இருக்கத்தக்க ஓர் உபாத்தியாயரை நியமிக்கலாமென்று திருத்தப் பிரேரேபணை கொண்டுவருகிறோம். சபையோர் ஆலோசித்து ஆதரிக்க வேண்டுகிறோம்.