விருந்திலே ஒரு காய்கனித் தட்டு



மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே வைகாசி மாதம் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும். வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழம் எல்லாம் அடுக்கி மடை வைப்பார்கள். பூசை முடிந்ததும் வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். ஒன்றும் வீண் போகாது.

நம்ம லயங்களிலே பிள்ளை பெரியவளானால் ரெஜிபோம் சோடனைக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் கடன் வாங்குகிறோம். மறுநாள் சோடனை குப்பைக்குப் போகும். கடன் மட்டும் வீட்டிலே நிற்கும்.

அதை விட்டு, ஒரு பெரிய தாம்பாளத்திலே கழுவிய வாழையிலையை விரியுங்கள். கோவாவைப் பாதியாக வெட்டி நடுவிலே கவிழ்த்து வையுங்கள். கரட், வெள்ளரி, அன்னாசி, பப்பாசித் துண்டுகளைப் பல்லுக்குச்சியிலே கோர்த்துப் பூப்போலக் குத்துங்கள். சுற்றிவரக் கொய்யாவும் வாழைப்பழமும் அடுக்குங்கள். கோவாவை அன்றிரவே கறியாக்கலாம்.

எல்லாவற்றையும் கொதித்தாறிய தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பந்திக்குச் சற்று முன்னே வெட்டி, ஈ மொய்க்காமல் மூடி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பிலே சரியாகச் சேராது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். கொய்யாவும் அன்னாசியும் அந்தச் சத்துச் சேர உதவும். மாதவிலக்குத் தொடங்கிய பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும். அவளுக்காக வைக்கும் விருந்து அவள் உடம்பிலே சேரட்டும்.