விண்ணுக்குச் சென்ற எஃகும் விலைக்கு வந்த ஆலையும்

(திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாயப்பட்டறையில் பாடுபடும் தோழரைக் கேளுங்கள். கொதிக்கும் சாயநீரும் உப்பும் அன்றாடம் அரிக்கும் எந்திரத்தில் முதலில் கண்வைக்க வேண்டிய இடம் எது என்று. பற்றவைத்த மூட்டு என்பார். துருப்பிடிக்காத எஃகுக்கும் அங்கேதான் சோதனை!

ஏன்? எஃகைக் காப்பது குரோமியம். பற்றவைக்கும் வெப்பத்தில், எஃகிலுள்ள கரி அந்தக் குரோமியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. காவலன் களவு போனபின் கோட்டைக்கு ஏது காப்பு? சிறிது டைட்டேனியம் கலந்தால், கரி அதனோடு கூடிவிடும். குரோமியம் தன் காவலில் நிற்கும்.

அத்தகைய எஃகைத்தான் சேலம் உருக்காலை வழங்கிற்று. எதற்கு? 2019ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், சந்திரயான் 2 விண்கலத்தைச் சுமந்து சென்ற ஏவுகலனின் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு!

அந்த எஞ்சினுள் மூளும் தீயின் வெப்பம் ஏறத்தாழ 3,000 பாகை. எஃகோ 1,400 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். பின் எஞ்சின் நிலைப்பது எப்படி? எரிபொருளான நீர்ம ஹைட்ரஜன், உறைநிலைக்கும் கீழே 253 பாகைக் குளிர். எரிகலத்தின் இரட்டைச் சுவர்களுக்கிடையே அதனையே ஓடவிட்டு வெப்பத்தை வாங்குகின்றனர். ஒருபுறம் நெருப்பு, மறுபுறம் பனி. இரண்டையும் தாங்கிட, மயிரிழைப் பிளவுமின்றி உலோகத்தை வளைத்துப் பற்றவைத்தாக வேண்டும்!

காசு கொடுத்தால் இக்கலை கிடைக்குமா? 1993இல், அமெரிக்காவின் நெருக்குதலால், ரஷ்யா இந்தத் தொழில்நுட்பத்தைத் தர மறுத்ததே! பின்னர் நாமே முயன்று, நாமே கற்றோம்.

அத்தகைய பணிக்குத் தக்க எஃகை உருக்கியவர்களுக்கு டெல்லி சூட்டிய மாலை எது? அதே ஜூலை, 4ஆம் நாள், ஆலையை வாங்க விருப்பமுள்ளோர் வரலாம் என்ற அறிவிப்பு! தொழிலாளர்கள் கொதித்தெழுந்து போராடினர். 2023 ஜனவரியில் விற்பனை கைவிடப்பட்டது. வாங்க முன்வந்த நிறுவனம் மேற்செல்ல விரும்பவில்லை என்பதே அரசு கூறிய காரணம்.

எண்ணிப் பாருங்கள்! ஆலை பிழைத்தது, உடையவன் அருமை உணர்ந்ததால் அன்று. வாங்க வந்தவன் மனம் மாறியதால்!

நட்டம் என்கின்றனர். நட்டக் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த ஏட்டிலே, கைவிட்டால் மீளாத கைத்திறனுக்கு ஒரு வரியேனும் உண்டா என்றுதான் கேட்கிறேன்.

நாளை மற்றோர் ஆலைக்கு ஏலமணி ஒலிக்கும்போது, தோழர்களே, விலை என்ன என்று கேட்பவர்கள் பலர் இருப்பர். இதனை இழந்தால் எதை இழக்கிறோம் என்று கேட்பவர்களாக நாம் இருப்போம்!