திரும்பும் பார்வையும் திரும்பாப் பார்வையும்



மைசூரில் வாழும் நம் குடும்பங்களில் முதியோர் ஒருவர் கண் மங்குகிறது என்றால், "வயதாகிவிட்டதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் கூறிவிடுகிறோம். அவ்வாறு கூறுமுன், மங்குவது எதனால் என்று அறிதல் வேண்டும். இழந்த பார்வையில் திரும்புவதும் உண்டு, திரும்பாததும் உண்டு.

திரும்புவது கண்புரையால் இழந்த பார்வை. கண்ணுள் இருக்கும் வில்லை வெளுத்து ஒளியை மறைப்பதே புரை. முன்பெல்லாம் அவ்வில்லையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் மேல்மூடி உடைந்து, பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தன. அவை உள்ளே கிடந்தும் கண்ணைப் புண்ணாக்கவில்லை என்பதை ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர் கவனித்தார். 1949-இல் அவ்வகைப் பொருளாலேயே வில்லை செய்வித்து, இலண்டனில் ஒருவரின் கண்ணுள் பொருத்தினார்.

எனினும் அவ்வில்லை நம் நாட்டு ஏழைக்கு நெடுங்காலம் எட்டாக்கனி. அதனை எட்டச் செய்த பெருமை மதுரைக்கு உரியது. வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அவ்விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றதும், 1976-இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு நாளை விரல்விட்டு எண்ணும் நம் போன்றோர் இதனைச் சற்றே கருதுக! அம்மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் எழுந்த ஆரோலேப், நூறு டாலர் அளவில் இறக்குமதியான வில்லையைப் பத்து டாலர் அளவில் செய்து தந்தது.

இனி, திரும்பாததைக் கூறுவோம். கிளாக்கோமா என்னும் நோயில், பெரும்பாலும் கண்ணுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலிகிறது. பக்கப் பார்வையே முதலில் குறைவதால் நோயாளி அதனை உணர்வதில்லை. நீரிழிவிலோ, விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசிகின்றன. தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. முன்னதைச் சொட்டு மருந்தாலும், பின்னதை லேசர் முதலிய சிகிச்சையாலும் தடுத்து நிறுத்தலாம். ஆனால் கிளாக்கோமாவில் போன பார்வை போனதே. நீரிழிவில் போனதையும் முழுதும் மீட்பது அரிது. விழித்திரைப் படத்தைக் கொண்டே நீரிழிவுக் கேட்டைக் கண்டறியக் கணினியைப் பழக்கிய கூகுள் ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. அதற்கு மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் துணை நின்றன. கணினி எத்துணை வல்லதாயினும், நாம் சென்று கண்ணைக் காட்டினாலன்றோ படம் எடுக்க இயலும்?

இரயில் எஞ்சின் ஓட்டுநருக்குக் குறித்த காலந்தோறும் கண் சோதனை உண்டு. தேறாதவரிடம் வண்டியை ஒப்படையார். குடும்பத்தை ஓட்டும் தாய்மார்களுக்கு அச்சோதனையை நடத்துவார் யார்? நீரிழிவு உடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைக் காட்டுதல் வேண்டும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் காலைப் பொழுதைக் கண் சோதனைக்கு ஒதுக்குக. கருமணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்துத் தெளிவாய்த் தெரியாது. ஆதலின் முதியோர் துணைக்கு ஒருவரை அழைத்து வருக. மாலைக் கலைநிகழ்ச்சிக்குள் பார்வை பெரும்பாலும் தெளிந்துவிடும்.